மூன்று ஆட்டம், ஏழு புள்ளி: வாட் மிசாகா பற்றி ஒரு குறிப்பு

விளையாட்டுப் புள்ளிவிவரங்களை நோண்டுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பத்தாயிரம் ரன் அடித்தவர்களைவிட, ஒரே ஒரு டெஸ்ட் ஆடிவிட்டுக் காணாமல் போனவர்கள் மேல்தான் கண் போகும். எனக்கும் அந்த வியாதி இருக்கிறது. யார் இவர், ஏன் ஒன்றோடு நின்றுவிட்டது, அப்புறம் வாழ்க்கையில் என்ன செய்தார் என்று தேடிக்கொண்டே போவேன்.

கூடைப்பந்தில் அப்படி என்னைப் பிடித்துக்கொண்ட ஒரு வரி இது. வாட் மிசாகா, நியூயார்க் நிக்ஸ், 1947-48 சீசன். ஆட்டங்கள் 3. கூடையை நோக்கி எறிந்தது 13 தடவை, உள்ளே போனது 3. ஃப்ரீ த்ரோ மூன்றுக்கு ஒன்று. மொத்தம் 7 புள்ளிகள். அவ்வளவுதான், அதற்குக் கீழே இன்னொரு வரி கிடையாது.

இந்த ஒற்றை வரிக்கு இன்றைக்கு ஒரு மரியாதை இருக்கிறது. இன்றைய என்பிஏ தன் வரலாறாக ஏற்றுக்கொள்ளும் கணக்கில், அந்த லீகில் ஆடிய வெள்ளையர் அல்லாத முதல் ஆட்டக்காரர் மிசாகா. ஜப்பானிய வம்சாவளி, அமெரிக்காவில் பிறந்தவர், உயரம் 5 அடி 7 அங்குலம். ஆடிய வருஷத்தைக் கவனியுங்கள். உலகப்போர் முடிந்து இரண்டே வருஷம்தான் ஆகியிருந்தது.

'முதல் ஆள்' என்று சொல்லிப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். பல கட்டுரைகள் அதைத்தான் செய்கின்றன. ஆனால் எனக்கு அந்த 13 என்ற எண்தான் முக்கியமாகப் படுகிறது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கதை.

ஆக்டன், 25ஆம் தெரு

வட்டாரு மிசாகா 1923 டிசம்பர் 21ல் யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் ஹிரோஷிமா பக்கத்திலிருந்து வந்தவர்கள். அப்பாவுக்கு 25ஆம் தெருவில் ஒரு முடிதிருத்தும் கடை. கடைக்குக் கீழே நிலவறையில் குடும்பம். ஆக்டன் பெரிய ரயில் சந்திப்பு. ரயில் நிலையத்திலிருந்து நேராக வரும் அந்தத் தெருவில் சாராயக்கடையும் சூதாட்டமும் சண்டையும் சகஜம். பிள்ளை வளர்க்க ஏற்ற இடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மிசாகாவுக்கு 15 வயதானபோது அப்பா இறந்துவிட்டார். கீழே இரண்டு தம்பிகள். அம்மா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஜப்பானுக்கே திரும்பிவிடலாம் என்று யோசித்தார். சொந்தக்காரர்கள் எல்லாம் அங்கேதான். 'நீங்கள் வேண்டுமானால் போங்கள், நான் வரவில்லை' என்று மூத்த பையன் மறுத்துவிட்டார். அம்மா யோசித்துப் பார்த்து, கத்தரிக்கோலைத் தானே கையில் எடுத்து கடையை நடத்த ஆரம்பித்தார். இது 1939 வாக்கில். அந்தக் குடும்பம் கிளம்பிப் போயிருந்தால் 1945 ஆகஸ்ட் 6ஆம் தேதி எங்கே இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது.

1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்குதல். 1942 பிப்ரவரி 19ல் ரூஸ்வெல்ட் 9066ஆம் எண் ஆணையில் கையெழுத்துப் போட்டார். மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடு, கடை, நிலம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முள்வேலி முகாம்களுக்குப் போக வேண்டியதாயிற்று. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் அமெரிக்கக் குடிமக்கள். யூட்டா அந்த வெளியேற்ற எல்லைக்கு வெளியே இருந்ததால் மிசாகா குடும்பம் தப்பித்தது. ஆனால் முகாம்களில் ஒன்றான டோபாஸ் அதே யூட்டாவில்தான் இருந்தது. அங்கே தன்னைப் போன்ற முகமுள்ள பையன்கள் வேலிக்குள் அடைபட்டிருக்க, இவர் வெளியே கல்லூரி அணிக்காகப் பந்து தட்டிக்கொண்டிருந்தார். ஊரில் வெபர் கல்லூரியில் இரண்டு வருஷம், பிறகு யூட்டா பல்கலைக்கழகம்.

தோற்றுப்போய் ஜெயித்த அணி

1944 யூட்டா அணியின் கதை சினிமாவுக்கே ஏற்றது. பெரும்பாலும் முதலாமாண்டுப் பையன்கள், ஏறக்குறைய எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். நியூயார்க்கில் நடந்த என்ஐடி போட்டிக்கு அழைப்பு வந்தது. அந்தக் காலத்தில் கல்லூரிக் கூடைப்பந்தில் என்சிஏஏவுக்குச் சமமான மதிப்பு அதற்கு இருந்தது. போனார்கள், முதல் ஆட்டத்திலேயே கென்டக்கியிடம் தோற்றார்கள். சரி, மூட்டையைக் கட்டலாம் என்ற நேரத்தில் இன்னொரு செய்தி. என்சிஏஏ போட்டிக்குத் தேர்வாகியிருந்த ஆர்கன்சாஸ் அணியின் ஆட்டக்காரர்கள் கார் விபத்தில் படுகாயம் அடைந்ததால் அந்த அணி விலகிவிட்டது, நீங்கள் வருகிறீர்களா என்று கேட்டார்கள்.

கன்சாஸ் சிட்டி போய் மிசூரியை ஜெயித்தார்கள், அயோவா ஸ்டேட்டை ஜெயித்தார்கள். இறுதி ஆட்டத்துக்காக மறுபடி நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். டார்ட்மத் அணியை 42-40 என்று கூடுதல் நேரத்தில் தோற்கடித்துச் சாம்பியன். அதோடு முடியவில்லை. இரண்டு நாள் கழித்துச் செஞ்சிலுவைச் சங்க நிதிக்காக நடந்த ஆட்டத்தில், என்ஐடி சாம்பியன் செயின்ட் ஜான்ஸையும் 43-36 என்று வீழ்த்தினார்கள். முதல் சுற்றில் தோற்ற போட்டியின் சாம்பியனையே அடித்துவிட்டு ஊர் திரும்பினார்கள்.

நியூயார்க் ரசிகர்களுக்கு இந்தக் குள்ளமான பையனைப் பிடித்துப்போனது. நாடு ஜப்பானோடு போரில் இருக்கும்போது, ஜப்பானிய முகத்தோடு ஓடி ஓடிப் பந்தைப் பறிக்கும் ஒருவருக்கு அந்த அரங்கம் கை தட்டியது. முகாம்கள் அப்போதும் திறந்துதான் இருந்தன. ரெண்டும் ஒரே நாடு, ஒரே வருஷம்.

ஹிரோஷிமாவில் ஓர் அமெரிக்கச் சிப்பாய்

ஊருக்கு வந்தவருக்கு ராணுவ அழைப்பு காத்திருந்தது. இரண்டு வருஷம் ராணுவம். போர் முடிந்தபின் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டார். குண்டுவீச்சின் விளைவுகளை ஆராய அமெரிக்கா அமைத்த குழுவுக்காக ஹிரோஷிமா போய், உயிர் பிழைத்தவர்களிடம் பேசித் தகவல் திரட்டுவது அவர் வேலை. அப்பா அம்மாவின் ஊர்ப்பக்கம்தான் அது. அந்த மக்களின் எதிரே, குண்டு போட்ட நாட்டின் சீருடையில் உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டும்.

கூடைப்பந்து பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று தோன்றலாம். 1947 நவம்பரில் நிக்ஸ் அணி அவரை வெளியே அனுப்பியபோது அவர் ஏன் கொதித்தெழவில்லை என்று பலர் கேட்கிறார்கள். அதற்கு ஹிரோஷிமாவைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர் என்பதும் ஒரு பதில் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு புள்ளி மட்டும்

1946ல் மறுபடி யூட்டா பல்கலைக்கழகம். 1947 மார்ச்சில் மறுபடி நியூயார்க், மறுபடி என்ஐடி. இந்தத் தடவை இறுதி ஆட்டம் வரை போனார்கள். எதிரே அதே கென்டக்கி. அதில் ரால்ஃப் பியர்ட் என்று ஒரு நட்சத்திரம். நாட்டின் தலைசிறந்த கல்லூரி கார்டுகளில் ஒருவர். கார்டு என்றால், பந்தை முன்னே கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற இடம். பொதுவாக அணியில் உயரம் குறைந்தவர்கள் ஆடும் இடமும் அதுதான். பியர்டைக் காக்கும் பொறுப்பு மிசாகாவிடம் வந்தது. ஆட்டம் முடிந்தபோது பியர்ட் எடுத்திருந்தது ஒரே ஒரு புள்ளி. யூட்டா 49-45 என்று ஜெயித்தது.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் முக்கியமானவர் நெட் ஐரிஷ். மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கல்லூரிக் கூடைப்பந்தைப் பெரிய வியாபாரமாக்கியவர் அவர்தான். நிக்ஸ் அணியின் தலைவரும் அவரே. அந்த வருஷ டிராஃப்டில் நிக்ஸ் மிசாகாவைத் தேர்ந்தெடுத்தது. ஒப்பந்தம் 4,000 டாலர்.

ஒரு சின்ன விளக்கம்: எது 'முதல்'?

இங்கே கணக்கு வழக்கைக் கொஞ்சம் சரிபார்க்க வேண்டும். 1947ல் என்பிஏ என்ற பெயரே கிடையாது. நிக்ஸ் ஆடியது பிஏஏ என்ற லீகில். 1946ல் பனிக்கட்டி ஹாக்கி அரங்கங்களின் முதலாளிகள் சேர்ந்து, காலியாகக் கிடக்கும் இரவுகளில் வருமானம் பார்க்க ஆரம்பித்தது. அதற்கு முன்பே என்பிஎல் என்று இன்னொரு லீக் இருந்தது. 1949ல் இரண்டும் இணைந்து என்பிஏ ஆனது. ஆனால் என்பிஏ தன் வயதை பிஏஏ தொடங்கிய 1946லிருந்துதான் எண்ணுகிறது.

அதனால்தான் மிசாகா 'முதல்' ஆகிறார். என்பிஎல் பக்கம் பார்த்தால், 1942-43 சீசனிலேயே டொலிடோ, சிகாகோ அணிகளில் கறுப்பின ஆட்டக்காரர்கள் ஆடியிருக்கிறார்கள். என்பிஏவில் கறுப்பினத்தவர் வந்தது 1950ல்: சக் கூப்பர், நாட் கிளிஃப்டன், எர்ல் லாயிட். அதாவது மிசாகா ஆடி முடித்த பிறகும் மூன்று சீசன் அந்தச் சுவர் அப்படியே நின்றது. ஆசிய வம்சாவளிக்கும் அப்படித்தான். பிலிப்பைன்ஸ் தாய்வழி வந்த ரேமண்ட் டவுன்சென்ட் என்பிஏவுக்கு வந்தது 1978ல். முப்பது வருஷம்! முதல் ஆள் போனார், பின்னால் யாரும் வரவில்லை.

மூன்று ஆட்டங்கள்

1947 நவம்பரில் சீசன் தொடங்கியது. மூன்று ஆட்டத்தில் கொஞ்சம் கொஞ்சம் ஆடவிட்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அப்போது அவருக்கு 24 வயதுகூட நிறையவில்லை.

ஏன் நீக்கினார்கள்? இனவெறி என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் மிசாகா கடைசிவரை அப்படிச் சொன்னதில்லை. அணியில் கார்டுகள் அதிகமாக இருந்தார்கள், அதனால்தான் என்பதே அவர் சொன்ன காரணம். அந்தச் சீசனின் நிக்ஸ் பட்டியலைப் பார்த்தால் அதில் நியாயம் இருப்பது தெரிகிறது. புதுமுகம் கார்ல் பிரான் 6 அடி 5 அங்குலம். அடுத்த மாதமே ஓர் ஆட்டத்தில் 47 புள்ளி அடித்து அன்றைய லீக் சாதனை படைத்தவர். இன்னொரு புதுமுகம் சிட் டானன்பாம், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் நட்சத்திரம். உள்ளூர்ப் பையன், டிக்கெட் விற்கும். இவர்களோடு போட்டி போட வேண்டியிருந்தது.

13க்கு 3 என்பது மோசமான கணக்கு இல்லையா என்று கேட்கலாம். இன்றைய கண்ணால் பார்த்தால் ஆமாம். ஆனால் அந்தச் சீசனில் மொத்த லீகுக்குமே நூறு எறிதலுக்கு முப்பதுகூட உள்ளே போகவில்லை. இன்னும் ஒரே ஒரு பந்து விழுந்திருந்தால் மிசாகா லீக் சராசரியைத் தாண்டியிருப்பார்.

இன்னொன்று, அவருடைய பலமே எதிராளியை மடக்குவதுதான். 1947ல் அதை அளக்க ஒரு கட்டம்கூட ஸ்கோர் அட்டையில் கிடையாது. ரீபவுண்ட் கணக்கு 1950-51ல் வந்தது. எத்தனை நிமிஷம் ஆடினார் என்பது 1951-52ல். பந்தைப் பறிப்பதும், எறிதலைத் தடுப்பதும் 1973-74லிருந்துதான் பதிவாகின்றன. பியர்டை ஒரு புள்ளியில் நிறுத்திய மனிதரின் தொழில்முறை வாழ்க்கையை, அவர் செய்த வேலையையே அளக்காத ஓர் அட்டையை வைத்து நாம் படித்துக்கொண்டிருக்கிறோம்.

அதே வருஷம், அதே ஊர்

இப்போது அந்த 13க்கு வருகிறேன்.

1947 ஏப்ரல் 15. அதே நியூயார்க் நகரின் புரூக்ளினில் ஜாக்கி ராபின்சன் முதல் முறையாக டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணிக்காகக் களம் இறங்கினார். நவீன மேஜர் லீக் பேஸ்பாலில் முதல் கறுப்பின ஆட்டக்காரர். அவரை வரவழைத்த பிராஞ்ச் ரிக்கி இதற்காக ரொம்ப நாள் திட்டம் போட்டிருந்தார். முந்தைய வருஷம் மான்ட்ரியாலில் ஆடவிட்டுப் பழக்கினார். எந்த வசவு வந்தாலும் திருப்பி அடிக்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசி வைத்தார்.

அப்படியும் ராபின்சன் ஆரம்பத்தில் சறுக்கினார். ஏப்ரல் கடைசியில் தொடர்ந்து 20 தடவை மட்டையோடு நின்று ஒரு ஹிட்கூட அடிக்காமல் திரும்பினார். இருபதுக்குப் பூஜ்யம்! ஆனால் அவரை உட்கார வைக்கவில்லை. தொடர்ந்து ஆடவிட்டார்கள். சீசன் முடிவில் சராசரி .297, அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகம் விருது.

மிசாகாவுக்குக் கிடைத்தது மொத்தமே 13 எறிதல்.

ராபின்சன் அளவுக்கு மிசாகா பெரிய ஆட்டக்காரர் என்று நான் சொல்லவில்லை. அப்படி இல்லை. முதலில் போகிறவருக்குத் திறமையோடு இன்னொன்றும் வேண்டியிருக்கிறது என்றுதான் சொல்கிறேன்: அவர் தடுமாறும்போது பொறுத்துக்கொள்ள மேலே ஓர் ஆள். ராபின்சனுக்குப் பின்னால் ரிக்கி இருந்தார். மிசாகாவை யாரும் ஒரு திட்டத்தோடு கொண்டுவரவில்லை. கூட்டம் கை தட்டிய ஒரு பையனை வியாபாரி ஒருவர் ஒப்பந்தம் செய்தார், கணக்கு ஒத்துவரவில்லை, அனுப்பிவிட்டார். இதில் வில்லன் என்று யாரும் இல்லை. வில்லன் இல்லாமலேயே கதவு மூடிக்கொண்டது.

இதே நிக்ஸ் அணியில் 65 வருஷம் கழித்து நடந்ததையும் பார்த்துவிடலாம். ஜெரமி லின், தைவானியப் பெற்றோருக்குப் பிறந்த அமெரிக்கர். 2011 டிசம்பரில் இரண்டு அணிகள் அவரை அடுத்தடுத்து வெளியே அனுப்பியிருந்தன. நிக்ஸிலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார், அங்கேயும் வேலை போகும் நிலை. கார்டுகளுக்கு அடிபட்டு ஆள் பற்றாக்குறை வந்ததால் 2012 பிப்ரவரி 4ல் ஆடவிட்டார்கள். 25 புள்ளி எடுத்தார். அடுத்த சில வாரங்கள் நியூயார்க்கே அவர் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தது. மிசாகாவின் அணியில் கார்டுகள் அதிகம், லின்னின் அணியில் கார்டுகள் போதவில்லை. இரண்டு பேர் கதைக்கும் இடையே இந்த ஒரு வித்தியாசமும் பெரிதாக நிற்கிறது.

நடுவில் இன்னொருவரும் உண்டு. ஜப்பானில் பிறந்து என்பிஏவில் ஆடிய முதல் ஆள் யூட்டா டபுசே, ஃபீனிக்ஸ் சன்ஸ், 2004-05. நாலு ஆட்டம், மொத்தம் 7 புள்ளி. மிசாகாவைவிட ஓர் ஆட்டம் கூடுதல், புள்ளி அதே ஏழு!

பிறகு

நீக்கப்பட்ட மிசாகாவுக்கு ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ் அணியிலிருந்து அழைப்பு வந்தது. ஊர் ஊராகப் போய் வித்தை காட்டி ஆடும் புகழ்பெற்ற அணி. வேண்டாம் என்றுவிட்டு, பாதியில் நின்ற இயந்திரப் பொறியியல் படிப்பை முடிக்க யூட்டா திரும்பினார். சால்ட் லேக் சிட்டியில் பொறியாளராக நெடுங்காலம் வேலை பார்த்தார். ஒப்பிட்டுப் பார்க்க: அவர் ஒரு புள்ளியில் மடக்கிய ரால்ஃப் பியர்ட், ஒலிம்பிக் தங்கம் வாங்கி, என்பிஏவில் இரண்டு சீசன் ஜொலித்தார். கல்லூரிக் காலத்தில் சூதாட்டக்காரர்களிடம் பணம் வாங்கிய விவகாரம் 1951ல் வெளியே வந்தது, ஆயுள் தடை. குறுகிய வாழ்க்கைகள் பலவிதம்.

மிசாகாவின் பிற்கால ஆசை பௌலிங். கிரிக்கெட் பௌலிங் இல்லை, கட்டைகளைப் பந்து உருட்டிச் சாய்க்கும் ஆட்டம். வயதான பிறகும் விடாமல் ஆடினார். இதிலும் ஒரு முள் இருக்கிறது. அவர் நிக்ஸ் சட்டை போட்ட 1947ல், அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் என்ற தேசிய அமைப்பில் வெள்ளையர் மட்டும்தான் உறுப்பினராக முடியும். அந்த விதியை நீக்கியது 1950ல். மேடிசன் ஸ்கொயர் கார்டனில் தொழில்முறையாக ஆட முடிந்தவருக்கு, பக்கத்துத் தெரு பௌலிங் சங்கத்தில் அட்டை கிடைக்காது.

பல பத்தாண்டுகள் அவரை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. 1999ல் யூட்டா மாநில விளையாட்டுப் புகழரங்கில் சேர்த்தார்கள். 2008ல் அவரைப் பற்றி 'டிரான்ஸெண்டிங்' என்ற ஆவணப்படம் வந்தது. 2019 நவம்பர் 20ல், 96ஆவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பு, சால்ட் லேக் சிட்டியில் காலமானார். அவர் அணிந்த 20ஆம் எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று பல்கலைக்கழகம் 2022ல் கௌரவம் செய்தது.

இதுமாதிரி ஒற்றை வரிக் கணக்குகளைப் பார்க்கும்போது எத்தனை அடித்தார் என்பதோடு எத்தனை தடவை தவறவிட அனுமதித்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். விளையாட்டு என்றில்லை, ஓர் அலுவலகத்தில் முதல் பெண், ஒரு கல்லூரியில் ஒரு சமூகத்தின் முதல் பையன் என்று எங்கேயும் இந்தக் கேள்வி பொருந்தும். மிசாகா விஷயத்தில் பதில் பத்து. பதிமூன்றில் மூன்று போக, மீதி பத்து.